'மெட்ராஸ்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கில அகராதியில் 'மெட்ராஸ்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது ஊர்ப்பெயர். சிறிய எழுத்தில் தொடங்கினால் அது துணியின் பெயர். 1996ஆம் ஆண்டில் நகரின் பெயர் சென்னை என்று மாறிற்று. துணியின் பெயர் மாறவில்லை. நெசவாளர் சங்க அங்கத்தினர் அனைவரும் பொருள் உணர்ந்து கற்க வேண்டிய ஆங்கிலச் சொற்களில் இதற்கே முதலிடம் தரலாம் என்பது என் கருத்து.

இச்சொல்லுக்கு அகராதி தரும் பொருள்கள் இரண்டு. தலையில் கட்டிக்கொள்ளும் வண்ணச் சதுரத்துணி என்பது ஒன்று. சட்டைக்கும் பெண்டிர் உடைக்கும் ஏற்ற, கட்டமோ கோடோ போட்ட மெல்லிய பருத்தித் துணி என்பது மற்றொன்று. பெயர்ச்சொல்லாகவும் வரும், 'மெட்ராஸ் ஷர்ட்', 'மெட்ராஸ் ஜாக்கெட்' என அடைமொழியாகவும் வரும். இங்கிலாந்தில் காரம் மிகுந்த ஒருவகைக் கறிக்கும் இதே பெயர். 1918இல் இந்நகரில் கண்டறியப்பட்ட கண்நோயை 'மெட்ராஸ் ஐ' என்று இன்றும் சொல்கிறோம்; அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். எழுத்துக்கூட்டலில் மட்டும் விழிப்பு வேண்டும். ஓசையில் நெருங்கிய 'மேட்ரஸ்' என்பது மெத்தை. பட்டியலில் ஓரிரு எழுத்து பிசகினால், துணிக்குக் காத்திருப்பவர் மெத்தையை எதிர்பார்ப்பார்.

ஊர்ப்பெயர் துணிப்பெயரான வரலாற்றைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையே அதற்குச் சான்று. அவ்வூர்ப் பெயரைக் கேட்போர் ஏதோ ஒரு மகானின் காலடி பட்ட இடம் என்று எண்ணுவர். உண்மையில், 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் கம்பெனிக்குத் துணி நெய்வதற்காக நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. ஆங்கிலேயன் பெயரைத் தமிழ் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது நம் மக்களின் திறம். 2021 முதல் அப்பெயர் மெட்ரோ இரயில் நிலையத்திலும் விளங்குகிறது. அதற்குத் தெற்கே, துணி வெளுப்போர் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. அந்நாளில் துறைமுகம் இல்லை. நெய்து வெளுத்த துணிப் பொதிகளை மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து, ஆழ்கடலில் நின்ற கப்பல்களில் சேர்த்தார்கள். அக்கப்பல்களோடு சேர்ந்து பெயரும் கடல் கடந்தது.

அங்கே அத்துணிக்கு 'மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர். இச்சொல்லைப் பிரித்துப் பார்ப்பது சுவையானது. 'கர்ச்சீஃப்' என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. தலையை மூடுவது என்று பொருள். அதன்முன் 'ஹேண்ட்', அதாவது கை என்பதைச் சேர்த்துக் கைக்குட்டை ஆக்கினார்கள். ஆகவே நேர்ப்பொருள் 'கைத்தலைமூடி'! ஆனால் கரிபியத் தீவுகளான மார்ட்டினிக், குவாடலூப் முதலியவற்றில் பெண்டிர் நம் கட்டம்போட்ட துணியை மீண்டும் தலையிலேயே கட்டிக்கொண்டனர். செயின்ட் லூசியா, டொமினிக்கா நாடுகளின் தேசிய உடையில் மெட்ராஸ் துணிக்கு இன்றும் இடமுண்டு. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதனை 'இன்ஜிரி' என்பர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய சடங்குகளுக்கெல்லாம் அவர்களுக்கு அது வேண்டும். துணியில் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்துப் புதுக்கோலம் உண்டாக்குவதில் அவர்கள் வல்லவர்கள். இங்கே ஒன்றை மறைத்தல் தகாது: மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை அடிமைகளாக வாங்குவதற்குக் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று. நெய்தவர்கள் அதனை அறிந்திருக்க வழியில்லை.

இனி, மெட்ராஸ் என்பதோடு இணைந்து வரும் மற்றொரு சொல்லைப் பார்ப்போம். அது 'ப்ளீட்'. குருதி வடிதல் என்பது அதன் முதற்பொருள். துணியைப் பற்றிச் சொல்லும்போது, துவைக்கையில் சாயம் கசிந்து நீரிலும் பக்கத்து நூலிலும் இறங்குதல். 1958இல் நியூயார்க் இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன் என்பவர், கண்ணூரைச் சேர்ந்த ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் துணி வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இந்நாயரே. குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்தாராம். அந்த எச்சரிக்கை, துணியை வாங்கித் தைத்து விற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் இயந்திரத்தில் துவைத்தனர், சாயம் இறங்கியது, முறையீடுகள் குவிந்தன. அதன்பின் 'செவன்டீன்' என்னும் இதழில், ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறிப் புதிதாகும் அற்புதத் துணி என்று எழுதச் செய்தனர். 'சாயம் கசியும், அதற்கு உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்தனர். துணி அமோகமாக விற்றது. நாயரே பலமுறை கூறிய வரலாறு இது.

இதனைக் கேட்டு, குறையையும் நிறை என்று சொல்லி விற்கலாம் என்று எவரும் துள்ளிவிட வேண்டாம். துணி முன்பு எப்படியோ பின்பும் அப்படியே. முதலில் சொல்லாமல் விற்றார்கள், வழக்கு வரும் நிலை ஏற்பட்டது. பிறகு சொல்லி விற்றார்கள், காசு வந்தது.

நம் சங்கங்களுக்கு இச்சொல்லால் வரும் இடர் வேறு. தமிழில் 'சாயம் போகிறது' என்ற ஒரே தொடரால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலக் கடிதத்தில் அதற்கு மூன்று சொற்கள் வரும். நீரில் கசிவது 'ப்ளீட்'. வெயிலிலோ நாள்பட்டோ வெளிறுவது 'ஃபேட்'. உராயும்போது மற்றொரு துணியில் ஒட்டுவது 'க்ராக்'. மஞ்சள் தோய்த்த நூலை வெயிலில் போட்டால் 'ஃபேட்' விளங்கும். அவுரி நீலம் நூலின் மேற்பரப்பிலேயே பெரிதும் தங்குவதால் உராய்ந்தால் ஒட்டும்; அது 'க்ராக்'. சாயம் ஏற்றியபின் மிகுதியை நன்றாக அலசாத நூல் 'ப்ளீட்' ஆகும். திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிடும் அங்கத்தினருக்கும் இவ்வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. அவர்கள் விளைச்சலைப் பற்றிய பேச்சும் இதில் அடக்கம். வாங்குபவர் 'ப்ளீட் ஆகுமா?' என்று கேட்க, நாம் வெயிலில் வெளிறாது என்ற நினைவில் 'ஆகாது' என்று எழுதிவிட்டால், சரக்கு திரும்பி வரும்போது கப்பல் கூலி சங்கத்தின் தலையில் விழும். பங்கு ஈவு குறையும்.

எதிர்ச்சொல் 'ஃபாஸ்ட்'. இதற்கு விரைவு என்றும் பொருள், உண்ணா நோன்பு என்றும் பொருள். 'ஃபாஸ்ட் கலர்' என்னும்போது இவ்விரண்டும் பொருந்தா. உறுதியாக நிற்பது என்பதே பொருள். நிற்கும் உறுதியை எண்ணால் குறிப்பார்கள். சலவைக்கும் உராய்வுக்கும் 1 முதல் 5 வரை. ஒளிக்கு 1 முதல் 8 வரை. எண் கூடக் கூட உறுதி மிகுதி. ஆகவே '4' என்று மட்டும் எழுதிய கடிதம் வந்தால், எதற்கு 4 என்று கேட்டு எழுதுங்கள். சலவையில் 4 நல்ல சாயம். ஒளியில் 4 நடுத்தரமே.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புமுன் சங்கத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். சாயமிட்ட துணியின் சிறு துண்டோடு வெள்ளைப் பருத்தித் துண்டொன்றைச் சேர்த்துத் தைத்து, சோப்பு நீரில் அரைமணி நேரம் அலசி, பிரித்து உலர்த்திப் பாருங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறியிருந்தால் அது 'ப்ளீட்'. உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து ஒட்டினால் 'க்ராக்'. இரு துண்டுகளையும் தேதியிட்டு ஆர்டர்க் கோப்பில் ஒட்டி வையுங்கள். நிறம் ஏறிய சரக்கே வேண்டுமென்று வாங்குபவர் கேட்டால், துணிச்சீட்டில் 'ப்ளீட்ஸ். வாஷ் செப்பரேட்லி இன் கோல்டு வாட்டர்' என்று அச்சிட வேண்டும். சாயம் கசியும், குளிர்நீரில் தனியாகத் துவைக்கவும் என்பது அதன் பொருள்.