ராத்திரி ரோட்டில் உங்க டேஷ் கேம் எதைப் பார்க்கிறது?

பகல்ல எடுத்த டேஷ் கேம் வீடியோவைப் பார்த்தால் எல்லாமே சூப்பரா இருக்கும். முன்னாடி போற லாரியின் பின்பக்கம் எழுதியிருக்கும் வாசகம் வரை படிக்கலாம். அதே கேமரா, அதே ரோடு, ராத்திரி எட்டு மணி: நம்பர் பிளேட் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டி, ஓரத்தில் நடந்து போறவர் ஒரு நிழல், மீதியெல்லாம் புள்ளி புள்ளியா நாய்ஸ். "கேமரா சரியில்லை, வேற வாங்கணும்" என்று முடிவு கட்டுவதற்கு முன் செட்டிங்ஸ் மெனுவைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பது முழுக்க நாம் முதலாண்டு ஃபிசிக்ஸில் படித்த விஷயம்தான்.

வீடியோ அழகா வரணும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மத்திய அரசுத் திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். வண்டி எது என்று தெரிந்தால் கதையே வேறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வயது, வருமானம், சார்ந்திருப்பவர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத் தொகையை முடிவு செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில நேரம் நிற்பது ஒரே ஒரு ஃப்ரேம். அந்த ஃப்ரேமில் நம்பர் படிக்க முடியுமா, முடியாதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு

1920 பிக்சல் அகல வீடியோ, லென்ஸின் கிடைமட்டக் கோணம் 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குவியத் தூரம் 960 பிக்சலுக்குச் சமம். கார் நம்பர் பிளேட்டின் அகலம் 500 மி.மீ., எழுத்தின் உயரம் 65 மி.மீ., கோட்டின் தடிமன் 10 மி.மீ. இந்த பிளேட் 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் வீடியோவில் அதன் அகலம் 48 பிக்சல். எழுத்தின் உயரம் வெறும் 6 பிக்சல், கோட்டின் தடிமன் ஒரே ஒரு பிக்சல்! பட்டப்பகலிலேயே தட்டுத்தடுமாறித்தான் படிக்கணும். 5 மீட்டரில் இது இரண்டு மடங்காகும். 4கே வீடியோ என்றால் 10 மீட்டரிலேயே அந்த இரண்டு மடங்கு கிடைக்கும்.

இப்போ வண்டியை ஓட விடுவோம். ஒரு பொருள் திரையில் இருக்கும் இடம் = குவியத் தூரம் × பக்கவாட்டுத் தூரம் ÷ முன்தூரம். இதை நேரத்தைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணினால்:

திரையில் நகரும் வேகம் = குவியத் தூரம் × பக்கவாட்டுத் தூரம் × சார்பு வேகம் ÷ முன்தூரத்தின் வர்க்கம்

நீங்கள் 60 கி.மீ. வேகம், எதிரே வரும் கார் 60 கி.மீ. வேகம். சார்பு வேகம் 120 கி.மீ., அதாவது நொடிக்கு 33 மீட்டர். அந்தக் கார் பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளி, முன்னால் 10 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அதன் பிளேட் திரையில் நொடிக்கு சுமார் 960 பிக்சல் ஓடும். ராத்திரியில் ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தால் 32 பிக்சல் இழுபடும். பிளேட்டே 48 பிக்சல்தான் என்னும்போது அதில் என்ன எழுத்து மிஞ்சும்? பகலில் ஷட்டர் 1/1000 நொடி என்றால் அதே பிளேட் ஒரு பிக்சல்தான் நகர்கிறது.

இந்த ஃபார்முலாவிலேயே நல்ல செய்தியும் இருக்கு. பக்கவாட்டுத் தூரம் பூஜ்யத்தை நெருங்கினாலோ, சார்பு வேகம் பூஜ்யத்தை நெருங்கினாலோ இழுபடுவது நின்றுவிடும். அதாவது உங்க லேனில், உங்களுக்கு நேர் முன்னால், கிட்டத்தட்ட உங்க வேகத்திலேயே போகும் வண்டி. உங்களை இடித்துவிட்டு முன்னால் பாய்கிற வண்டியும் சில நொடி இந்த நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. ராத்திரி செட்டிங்ஸில் நாம் குறிவைக்க வேண்டியது இந்தச் சில நொடிகளைத்தான். எதிரே வரும் வண்டியின் நம்பரை 1/30 நொடி ஷட்டரில் எந்த மெனுவும் மீட்டுத் தராது.

எக்ஸ்போஷர்: வெள்ளைக் கட்டி ஏன் வருகிறது?

நம்பர் பிளேட்டில் ஒட்டியிருப்பது ரெட்ரோ ரிஃப்ளெக்டிவ் ஷீட். ஹெட்லைட் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருதோ, அதே திசைக்கே திருப்பி அனுப்பும். உங்க ஹெட்லைட்டும் கேமராவும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் இருப்பதால் அந்த வெளிச்சம் லென்ஸுக்குள்ளும் வரும். ஆனால் ஆட்டோ எக்ஸ்போஷர் பார்ப்பது காட்சியின் சராசரியை. விளக்கில்லாத ஹைவேயில் முக்கால்வாசி ஃப்ரேம் கருப்பு. "ரொம்ப இருட்டா இருக்கே" என்று கேமரா கெயினை ஏற்றும். பிளேட் எரிந்து வெள்ளையாகிவிடும். ஒருமுறை எரிந்த பிக்சலில் தகவலே கிடையாது, எந்த எடிட்டிங் மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் மெனுவில் 'ஈ.வி.' என்று இருப்பதைக் குறையுங்கள். விளக்கு இருக்கும் நகரச் சாலையில் −0.3 போதும். இருட்டு ஹைவேயில் −0.7 அல்லது −1 வரை போய்ப் பார்க்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு: ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு எல்லாம் இன்னும் இருட்டாகும். ஆனால் நிழல் பகுதியைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கலாம், எரிந்ததை முடியாது. முன்னால் ஒரு வண்டி கிட்டத்தில் போகும்போது ஹை பீமை இறக்கிவிடுங்கள். அவருக்கும் நிம்மதி, உங்க கேமராவுக்கும் நிம்மதி.

30 ஃப்ரேமா, 60 ஃப்ரேமா?

60 ஃப்ரேம் வைத்தால் ஒரு ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 1/60 நொடிதான் கிடைக்கும். இழுபடுவது பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். ஃபோட்டான் எண்ணிக்கை பாதியானால் சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ ரூட் 2 மடங்கு குறையும். நல்ல தெருவிளக்கு இருக்கும் ஊருக்குள் 60 லாபம். இருட்டு ரோட்டில் 30தான் நல்லது.

'ஆன்டி ஃப்ளிக்கர்' என்று ஒரு வரி இருக்கும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். அதனால் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஃப்ரேம் ரேட்டை 25 ஆக்க வேண்டாம். 100ஐ 25 மிச்சமில்லாமல் வகுக்கும். மினுங்குகிற எல்.இ.டி. சிக்னல் ஒன்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் அணைந்த நேரத்திலேயே மாட்டினால், பச்சையா சிவப்பா என்று வீடியோவில் தெரியாமலே போகலாம். 30 வைத்தால் சிக்னல் மினுங்கும், ஆனால் சில ஃப்ரேமிலாவது தெரியும்.

எச்.டி.ஆர்., பிட்ரேட்

எச்.டி.ஆர். என்பது நீளமான எக்ஸ்போஷர் ஒன்றையும் குறுகியது ஒன்றையும் சேர்த்துப் பின்னுவது. ஹெட்லைட்டும் இருட்டும் கலந்த காட்சிக்கு இது பெரிய உதவி. ஆனால் வேகமாக நகரும் பிளேட்டில் இரண்டும் சரியாகப் பொருந்தாமல் எழுத்து இரட்டையாகத் தெரியலாம். ஆன், ஆஃப் இரண்டிலும் சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பிட்ரேட்டை எப்போதும் 'ஹை'யில் வையுங்கள். நாய்ஸ் என்பது ஒழுங்கே இல்லாத தகவல். அதை அமுக்க என்கோடருக்கு நிறைய பிட் செலவாகும். பிட் பற்றாவிட்டால் மெல்லிய எழுத்துக் கோடுகளைத்தான் முதலில் அழிக்கும். 20 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிபி, அதாவது 64 ஜிபி கார்டில் சுமார் 7 மணி நேரம் தாங்கும். திரும்பத் திரும்ப அழித்து எழுதுவதால் 'ஹை எண்டூரன்ஸ்' கார்டே வாங்குங்கள்.

மெனுவுக்கு வெளியே

பகலில் டேஷ்போர்டு பிரதிபலிப்பைத் தடுக்க சி.பி.எல். ஃபில்டர் மாட்டியிருந்தால் ராத்திரியில் கழற்றிவிடுங்கள். அது குறைந்தது பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். கண்ணாடியின் உள்பக்கம் கேமராவுக்கு முன் படியும் மெல்லிய படலத்தைத் துடையுங்கள். எதிர் ஹெட்லைட் பட்டதும் காட்சி முழுக்கப் புகை மாதிரி ஆவதற்குப் பல நேரம் அதுதான் காரணம். கேமராவை வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் மாட்டுங்கள். கேமராவின் திரையை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் வெளிச்சம் கண்ணாடியில் விழும்.

ஒரு ராத்திரி சோதனை

1. தேதி, நேரம் சரியா என்று பாருங்கள்.
2. நண்பரின் காரை முன்னால் நிறுத்தி 5, 10, 15 மீட்டரில் பதிவு செய்யுங்கள்.
3. பிறகு அதே காரின் பின்னால், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், போதிய இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.
4. ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவது வண்டி நின்ற பிறகுதான்.
5. போன் ஆப்பின் முன்னோட்டத்தை நம்பாதீர்கள், தரம் குறைத்துத்தான் காட்டும். கார்டை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

மைக்கை ஆன் செய்து வையுங்கள். விபத்து நடந்ததும் உங்க கண்ணுக்குத் தெரிந்த நம்பரை, வண்டியின் நிறத்தை, போன திசையைச் சத்தமாகச் சொல்லுங்கள். கேமரா தவறவிட்டதை உங்க குரல் பதிந்து வைக்கும். உடனே அந்த ஃபைலை லாக் செய்யுங்கள், லூப் ரெக்கார்டிங் மேலே எழுதிவிடக் கூடாது. கார்டை எடுத்து அசல் ஃபைலை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ மறுபடி அமுக்கப்பட்டு, கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய அந்த ஒரு பிக்சல் கோடும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துடன் தரும் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வாரம் வீட்டுக்குப் போனால் அப்பாவோட காரிலோ, தெருவில் தெரிந்த டிரைவர் அண்ணன் வண்டியிலோ கேமரா இருக்கா என்று பாருங்கள். பெரும்பாலும் கடையில் மாட்டிக் கொடுத்த அதே செட்டிங்கில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டு வாங்க.