கிணற்று நீரின் கடினத்தன்மை: இல்லறத்தார் அறிய வேண்டுவன

சொந்தக் கிணறு உள்ள இல்லம் பேறு பெற்ற இல்லம் என்பர். ஆயினும் அக்கிணற்று நீரில் சோப்பு நுரையாமல் திரிவதும், பருப்பு நெடுநேரம் வேகாமல் கிடப்பதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெண்ணிறப் பொருக்கு ஏறுவதும் பல இல்லங்களில் நாள்தோறும் காணும் காட்சிகளாம். இவற்றால் மனம் சலித்து, விற்பவர் காட்டும் கருவி எதுவாயினும் அதனை வாங்கிப் பொருத்துவோர் உளர். நீரின் தன்மையை ஆராய்ந்த பின்னரே பொருளைச் செலவிடுதல் அறிவுடைமையாகும். அதற்கு வேண்டிய அடிப்படைச் செய்திகளை இப்பாடத்தில் காண்போம்.

கடினத்தன்மை உண்டாகும் விதம்

மழைநீர் இயல்பாகவே மென்னீர். அது மண்ணுள் இறங்குகையில், வேர்களும் மட்கும் தழைகளும் வெளியிடும் கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது அமிலத்தன்மை பெறுகிறது. பின்னர்ச் சுக்கான் கல்லையும் பாறையையும் மெல்ல மெல்லக் கரைத்து, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு கிணற்றை அடைகிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் பெரும்பகுதி கடும்பாறை நிலமாகும். அங்குப் பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கும் நீர் இவ்வுப்புகளை மிகுதியாக ஏற்பதற்கு இடமுண்டு.

இவ்வுப்புகள் பைகார்பனேட்டாக இருப்பின் அது தற்காலிகக் கடினத்தன்மை. நீரைக் காய்ச்சினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, சுண்ணாம்புப் படிவாக அடியில் தங்கிவிடும். சல்பேட், குளோரைடு உப்புகளால் உண்டாவது நிரந்தரக் கடினத்தன்மை. அது காய்ச்சுவதால் நீங்காது.

வடிகட்டுதலும் காய்ச்சுதலும்

நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல் நம் இல்லங்களில் வழிவழி வந்த ஒழுக்கம். அதன் பயன் எது வரையில் என்பதையும் அறிதல் நலம். துணி, தூசியையும் கண்ணுக்குப் புலனாகும் சிற்றுயிர்களையும் தடுக்கும். நீரில் கரைந்த கால்சியத்தைத் தடுக்காது. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தை நீக்கா. காய்ச்சுதல் ஒன்றே தற்காலிகக் கடினத்தைக் குறைக்க வல்லது. அதுவும், காய்ச்சிய நீரை ஆறவிட்டு, அடிப்படிவு கலங்காமல் மேல்நீரை மட்டும் இறுத்துக்கொண்டால்தான் முழுப் பயன் தரும்.

வீட்டிலேயே ஓர் ஆய்வு

ஒரே அளவான மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் மழைநீர், மற்றொன்றில் கிணற்று நீர், மூன்றாவதில் அரைமணி நேரம் காய்ச்சி ஆறவைத்து இறுத்த கிணற்று நீர் ஆகியவற்றைச் சம அளவில் ஊற்றுக. குளியல் சோப்பைச் சீவி மழைநீரில் கரைத்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குக. நிலையான நுரை எழுவதற்கு எத்தனை சொட்டுகள் தேவைப்படுகின்றன என எண்ணுக. காய்ச்சிய நீருக்கு மிகக் குறைந்த சொட்டுகளே போதுமாயின், நும் கிணற்றில் தற்காலிகக் கடினமே மிகுதி எனத் தெளியலாம். பச்சை நீருக்கும் காய்ச்சிய நீருக்கும் வேறுபாடு இல்லையேல், நிரந்தரக் கடினமே மிகுதி என அறிக.

இவ்வாய்வு வகையைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. அளவை அறியத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயம் (2012) குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை கொள்ளலாம் என்றும் கூறுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் உடல்நலம் கருதிக் கடினத்தன்மைக்கு வரம்பு எதனையும் விதிக்கவில்லை. ஆதலால் கடின நீர் என்ற அளவில் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை சுவையாலும் நிறத்தாலும் தம்மைக் காட்டிக்கொள்ளா. அவற்றையும் உடன் சோதித்தல் இன்றியமையாதது.

செய்ய வேண்டுவன

1. பருகவும் பருப்பு வேகவைக்கவும் காய்ச்சி இறுத்த நீரைப் பயன்படுத்துக. நிரந்தரக் கடினமாயின் மழைநீரைக் கலந்துகொள்க. கடினத்தன்மை 600 உள்ள நீரில் சம அளவு மழைநீர் கலந்தால் அது ஏறத்தாழ 300 ஆகும்.

2. துணி துவைக்கும் நீரில் முதலில் சலவைச் சோடாவைக் கரைத்துவிடுக. அது இருவகைக் கடினத்தையும் படிய வைக்கும். இந்நீர் பருகுவதற்கு உரியதன்று.

3. பாத்திரத்தில் ஏறிய பொருக்கை எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் நீக்கலாம். கழிப்பறைக்கு உரிய கடும் அமிலத்தைச் சமையற் பாத்திரங்களில் ஊற்றலாகாது.

4. குழாயின்மேல் பொருத்தும் காந்தக் கருவிகள் நீரிலுள்ள கால்சியத்தை வெளியேற்றுவதில்லை.

மென்னீராக்கும் கருவி வாங்குமுன்

மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. 100 மில்லிகிராம் கடினம் நீங்க, ஏறத்தாழ 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. கடினத்தன்மை 500 உள்ள நீர் இவ்வாறு மென்மையானால், லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் கூடும். இரத்த அழுத்தம் உள்ளோரும், உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியோரும் இந்நீரைப் பருகுதல் தகாது. எனவே கருவியைக் குளியலறைக்கும் வெந்நீர்க் கலத்திற்கும் செல்லும் குழாயில் மட்டும் பொருத்தி, சமையலறைக் குழாயை விலக்கி வைத்தல் நன்று.

அக்கருவியை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். அக்கழிவு நீரைக் கிணற்றருகே விட்டால், அது மண்ணில் இறங்கி மீண்டும் கிணற்றையே சேரும். சோப்பு நுரைக்காத நீரோ, உவர்ப்பேறிய கிணறாகிவிடும். நிலத்தடி நீருக்கு வேலி இல்லையாதலால், அடுத்த வீட்டுக் கிணறும் உடன் கெடும். கெட்ட கிணற்றைச் சீராக்குவது எளிதன்று.

மழைநீரே சிறந்த மாற்று. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நூறு சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர் விழுகிறது. சிதறுவதும் ஆவியாவதும் போக எஞ்சியதைத் தேக்கலாம். முதல் மழையைக் கூரை கழுவப்பட விட்டு, பின்வரும் நீரை மூடிய தொட்டியில் தேக்குக. மிகுவதை வடிகட்டிக் கிணற்றருகே மண்ணில் இறக்குக. ஆண்டுதோறும் இவ்வாறு செய்துவரின், கிணற்று நீரின் கடினமும் சிறிது சிறிதாகத் தணிவதற்கு வழி உண்டாகும்.