நாடாளுமன்றத்தில் வாக்கில்லாத தலைநகரம்

கேள்வி: புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்ற குரல் நெடுநாளாக ஒலித்து வருகிறது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் மக்களும் இதே கோரிக்கைக்காகப் போராடுவதாகவும், அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் ஒருவர்கூட அவர்களுக்கு இல்லை என்றும் படிக்க நேர்ந்தது. இந்நிலை எவ்வாறு உருவாயிற்று? எளிய மக்களின் போராட்டத்தால் இதில் ஏதேனும் மாற்றம் வந்திருக்கிறதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இரு கோரிக்கைகளுக்கும் ஒற்றுமை உண்டு என்றாலும் வாஷிங்டனின் குறை இன்னும் ஆழமானது. புதுச்சேரி மக்கள் மக்களவைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர்; மாநிலங்களவையிலும் அப்பகுதிக்கு ஓர் இடம் உண்டு; தில்லிக்கோ மக்களவையில் 7 இடங்கள் உள்ளன. சட்டத்தில் ‘கொலம்பியா மாவட்டம்’ எனப்படும் வாஷிங்டனில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6,89,545 பேர் வாழ்கின்றனர். வயோமிங் (5,76,851), வெர்மான்ட் (6,43,077) ஆகிய முழு மாநிலங்களின் மக்கள்தொகையைவிட இது அதிகம். அவ்விரு மாநிலங்களும் மேலவையான செனட்டுக்கு இருவரையும் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு ஒருவரையும் அனுப்புகின்றன. வாஷிங்டன் கீழவைக்கு மட்டும் ஒரு பேராளரை அனுப்புகிறது. அவர் மசோதா கொண்டுவரலாம், அவையில் பேசலாம், நிலைக்குழுக்களில் வாக்களிக்கலாம். ஆனால் ஒரு மசோதா சட்டமாவதை முடிவு செய்யும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை. செனட்டில் அந்த அளவு இடமும் கிடையாது. கூட்டாட்சி அரசுக்குரிய வருமான வரியை மட்டும் இந்நகர மக்கள் பிற மாநிலத்தாரைப் போலவே முழுமையாகச் செலுத்துகின்றனர்.

இதன் தொடக்கம் 1783இல் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த ஒரு கலகத்தில் இருக்கிறது. சம்பளப் பாக்கி கேட்டுப் படைவீரர்கள் நாடாளுமன்றம் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டபோது, பென்சில்வேனியா மாநில அரசு தன் காவற்படையை அனுப்ப மறுத்ததால் உறுப்பினர்கள் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. தலைநகரம் எந்த மாநிலத்தின் தயவையும் நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்று, பத்து மைலுக்குப் பத்து மைல் பரப்புக்கு மிகாத ஒரு மாவட்டத்தில் நாடாளுமன்றத்துக்கே முழுச் சட்டமியற்றும் அதிகாரம் உண்டு என்ற விதி அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. மேரிலாந்தும் வர்ஜீனியாவும் அளித்த நிலத்தில் நகரம் எழுந்த பிறகும் அங்கு வாழ்ந்தோர் தத்தம் பழைய மாநிலத்திலேயே வாக்களித்து வந்தனர். 1801இல் நாடாளுமன்றம் இயற்றிய நிர்வாகச் சட்டமே அந்த உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. தலைநகரைக் காப்பதற்கும் அதன் குடிமக்களின் வாக்கைப் பறிப்பதற்கும் இடையே தேவையான தொடர்பு எதுவும் இல்லை என்பது கவனிக்கத் தக்கது. அரசமைப்பின் சிற்பிகளுள் ஒருவரான ஜேம்ஸ் மாடிசனே, தங்களை ஆளும் அரசைத் தேர்ந்தெடுப்பதில் அம்மக்களுக்குப் பங்கு இருக்கும் என்று எதிர்பார்த்து எழுதியிருந்தார்.

கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று இதைக் கொண்டால் பாதி வரலாறே விளங்கும். மறுபாதி நிறவெறியைச் சார்ந்தது. 1867இல், அதிபரின் மறுப்பாணையையும் மீறி, இந்நகரின் கறுப்பின ஆண்களுக்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை வழங்கப்பட்டது. நகர நிர்வாகம் கடனில் மூழ்கியதைக் காரணம் காட்டி 1874இல் நாடாளுமன்றம் தேர்தல்களையே ஒழித்து, அதிபர் நியமிக்கும் மூன்று ஆணையர்களிடம் நகரத்தை ஒப்படைத்தது. கடனை அடைக்கக் கறுப்பின மக்களோடு சேர்த்து வெள்ளையரின் வாக்கையும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் கறுப்பின மக்களின் வாக்கைப் பறிக்க விரும்பியவர்களுக்கு அந்த விலை பெரிதாகத் தோன்றவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வாஷிங்டன் மக்கள் தங்கள் நகரத் தலைவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 1957 அளவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் முதல் பெரிய அமெரிக்க நகரமாக அது மாறியபோது, அதன் நிர்வாகத்தை மேற்பார்த்த கீழவைக் குழு தென்மாநிலத்து வெள்ளையின உறுப்பினர்களின் பிடியில் இருந்தது. தெற்குக் கரோலினாவைச் சேர்ந்த ஜான் மெக்மில்லன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அக்குழுவின் தலைவராக இருந்து, நகரத்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாக்களை முடக்கிவந்தார்.

மக்கள் இயக்கம் இந்தச் சுவரை எவ்வாறு தகர்த்தது என்பதே கேள்வியின் மையம். அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1961இல் 23ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் கிடைத்து, 1964இல் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. 1966இல் இளைஞர் மேரியன் பேரி முதலானோர் ‘வாஷிங்டனை விடுவியுங்கள்’ என்ற பொருள்படும் ‘ஃப்ரீ டி.சி.’ இயக்கத்தைத் தொடங்கினர். நகர வணிகர் சங்கம் தன்னாட்சியை எதிர்த்து வந்ததால், இவ்வியக்கத்தார் கடை கடையாகச் சென்று ஆதரவு கேட்டனர். ஆதரவு தந்த கடைகளின் சன்னலில் இயக்கத்தின் ஒட்டி ஒட்டப்பட்டது, மறுத்த கடைகளைப் புறக்கணிக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வாக்குச்சீட்டு இல்லாத மக்களிடம் பணப்பை இருந்தது; அதையே அவர்கள் கருவியாக்கினர்.

அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. மார்ட்டின் லூதர் கிங்கின் தோழரும் போதகருமான வால்டர் ஃபான்ட்ராய் 1971இல் நகரத்தின் பேராளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் வாக்கில்லாத ஒருவர் வாதத்தால் மெக்மில்லனை அசைக்க முடியாது என்பதை உணர்ந்த அவரும் வாஷிங்டன் ஆர்வலர்களும், மெக்மில்லனின் தொகுதிக்கே சென்றனர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தால் தெற்குக் கரோலினாவின் கறுப்பின மக்கள் பெருமளவில் வாக்காளர்களாகப் பதிவுபெறத் தொடங்கியிருந்த காலம் அது. பதிவுக்கும் பரப்புரைக்கும் தலைநகரிலிருந்து சென்றவர்கள் துணைநின்றனர். 1972இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் மெக்மில்லன் தோற்றார். கறுப்பின உறுப்பினரான மிச்சிகனின் சார்லஸ் டிக்ஸ் குழுத் தலைவரானார். 1973 டிசம்பரில் தன்னாட்சிச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1975 தொடக்கத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் நகர மன்றமும் பதவியேற்றனர். அமெரிக்க மக்களாட்சி வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத வெற்றிகளுள் இது முதன்மையானது என்றே கொள்ள வேண்டும். தங்களிடம் வாக்கு இல்லாதபோது, வாக்கு உள்ள இடத்துக்குச் சென்று, அங்கும் ஒடுக்கப்பட்டிருந்தவர்களோடு கைகோத்து, அவர்களின் வாக்கு எழும்போது தங்கள் உரிமையும் எழும்படி அம்மக்கள் செய்தனர்.

இந்த அடித்தள உழைப்பு குறைந்த இடத்தில் இயக்கம் தோற்றது. வாஷிங்டனை நாடாளுமன்றப் பிரதிநிதித்துவத்தைப் பொறுத்தவரை ஒரு மாநிலமாகக் கருத வேண்டும் என்ற அரசமைப்புத் திருத்தத்தை 1978இல் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் நிறைவேற்றின. திருத்தம் நடைமுறைக்கு வர 38 மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏழு ஆண்டுகளுக்குள் ஏற்க வேண்டும். 1985இல் கெடு முடிந்தபோது ஏற்றவை 16 மட்டுமே. தலைநகரில் கிடைத்த ஒப்புதலை ஊர்தோறும் கொண்டுசெல்லும் அமைப்பு வலிமை அப்போது இல்லை. கறுப்பின மக்கள் நிறைந்த, ஒரே கட்சியை ஆதரிக்கும் நகரம் என்ற தயக்கமும் பல சட்டமன்றங்களில் வெளிப்படையாகவே நிலவியது.

1973ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தன்னாட்சியும் அரைகுறையானதே. நகர மன்றம் இயற்றும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கலாம். நகரம் தன் மக்களிடம் திரட்டும் வரிப்பணத்தை எதற்குச் செலவிடக் கூடாது என்றும் கட்டளையிடலாம். இந்த அதிகாரம் உயிர்களோடு தொடர்புடையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். போதை ஊசி பயன்படுத்துவோருக்குத் தூய ஊசி வழங்கி எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் திட்டத்துக்கு நகரம் தன் சொந்த நிதியைச் செலவிடுவதை 1998 முதல் 2007 வரை நாடாளுமன்றம் தடுத்துவைத்தது. தடை நீங்கிய பின் முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் 120 தொற்றுகள் தவிர்க்கப்பட்டதாக ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தடை நீடித்த ஆண்டுகளில் தொற்றுக்கு ஆளானவர்கள், அந்தத் தடைக்கு வாக்களித்த உறுப்பினர் ஒருவரையும் தேர்தலில் தோற்கடிக்க இயலாதவர்கள். 2023இல் நகரத்தின் குற்றவியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், அதே தன்னாட்சிச் சட்டத்தின் ஒரு பிரிவைப் பயன்படுத்தி அதிபர் நகரக் காவல்துறையை 30 நாள் தம் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, தேசியக் காவற்படையையும் தெருக்களில் நிறுத்தினார். மாநிலங்களில் அப்படைக்கு ஆளுநர் தலைவர். வாஷிங்டனில் அதிபரே தலைவர் என்பதால் மேயரின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

இத்தகைய அனுபவங்களே கோரிக்கையை முழு மாநில அந்தஸ்தாக வளர்த்தன. ‘பிரதிநிதித்துவம் இல்லாமல் வரிவிதிப்பு’ என்ற பொருளுடைய வாசகம் 2000ஆம் ஆண்டு முதல் நகரத்தின் வாகன எண் தகடுகளில் பொறிக்கப்படுகிறது. 2011இல் நாடாளுமன்றம் நகர நிதியில் தலையிட்டதை எதிர்த்துத் தெருவில் அமர்ந்த மேயர் வின்சென்ட் கிரே, நகர மன்ற உறுப்பினர்களோடு கைதானார். 2016இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் மாநில அந்தஸ்தை ஆதரித்தனர். 1993இல் 153க்கு 277 என்ற கணக்கில் கீழவையில் தோற்ற மாநில மசோதா, பேராளர் எலினார் ஹோம்ஸ் நார்ட்டனின் இடையறாத முயற்சியால் 2020 ஜூனில் 232க்கு 180 என்றும், 2021 ஏப்ரலில் 216க்கு 208 என்றும் நிறைவேறியது. செனட்டில் 60 உறுப்பினர்களின் ஆதரவின்றி விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல இயலாத விதி இருப்பதால், அங்கு அது வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. அண்மை ஆண்டுகளில் ‘ஃப்ரீ டி.சி.’ என்ற பழைய பெயரையே ஏற்று எழுந்துள்ள புதிய இயக்கம், நகரத்தின் பகுதிதோறும் மக்களைத் திரட்டி வருகிறது. ஆனால் செனட்டின் கதவு வாஷிங்டன் தெருக்களில் மட்டும் திறக்கப்போவதில்லை. தெற்குக் கரோலினாவில் 1972இல் செய்யப்பட்ட பணியைப் பல மாநிலங்களில் மீண்டும் செய்தாக வேண்டும்.

கேள்வி: நகரத்தை மேரிலாந்து மாநிலத்தோடு இணைத்துவிட்டால் சிக்கல் எளிதாகத் தீர்ந்துவிடாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இவ்வழிக்கு முன்னுதாரணம் உண்டு. வர்ஜீனியா அளித்த பகுதி 1846ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மாநிலத்திடமே திருப்பித் தரப்பட்டது. தலைநகரில் அடிமை வணிகம் தடைசெய்யப்படலாம் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. ஆனால் இணைப்புக்கு மேரிலாந்தின் சம்மதம் தேவை, அம்மாநிலத்தில் அதற்கு ஆர்வம் காணப்படவில்லை. இரு நூற்றாண்டுகளாகத் தனித்து வளர்ந்த ஒரு நகரத்தை அதன் மக்கள் கேட்காத மாநிலத்தில் சேர்ப்பதும், அவர்கள் விருப்பத்தைக் கேளாமல் முடிவெடுக்கும் பழைய முறையின் தொடர்ச்சியாகவே அமையும்.

இணைப்புக்குப் பதிலாகத் தனி மாநில அந்தஸ்து வழங்குவதற்கும் எதிர்ப்புகள் உண்டு. அந்நகர வாக்காளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பதால், புதிய மாநிலம் அக்கட்சிக்கு இரு செனட் இடங்களைப் பரிசாகத் தரும் என்ற குடியரசுக் கட்சியினரின் வாதம் அரசியல் கணக்காக உண்மையே. ஒருவர் யாருக்கு வாக்களிப்பார் என்பதைக் கணித்து அவருக்கு வாக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்யலாகாது என்பதே அதற்கு விடை. சட்ட அறிஞர்கள் எழுப்பும் மற்றொரு ஐயம் இதைவிடக் கடினமானது. மாநில மசோதாவின்படி அதிபர் மாளிகை, நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவை அடங்கிய சிறு பகுதி மட்டும் கூட்டாட்சித் தலைநகராக நீடிக்கும். எஞ்சிய பகுதி, நகரின் அனகோஸ்டியா பகுதியில் வாழ்ந்த அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் பெயரையும் தாங்கி மாநிலமாகும். 23ஆம் திருத்தம் நீடிக்கும்வரை, அநேகமாக அதிபரின் குடும்பம் மட்டுமே வாழும் அந்தச் சிறு பகுதிக்கு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்தில் மூன்று வாக்குகள் இருந்துகொண்டிருக்கும். அதனால், அத்திருத்தத்தை நீக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் விரைந்து எடுத்துக்கொள்வதற்கான விதியும், அப்பகுதியில் குடியிருப்போர் தத்தம் முந்தைய மாநிலத்தில் வாக்களிப்பதற்கான ஏற்பாடும் மசோதாவிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.