‘உங்களுக்குள்’ என்னும் ஒரு சொல்

தமிழில் ‘உங்களுக்குள்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. “உங்களுக்குள் ஒரு திறமை இருக்கிறது” என்றால் உள்ளத்தின் உள்ளே. “உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள்” என்றால் உங்கள் நடுவே. இந்தச் சிறு சொல் கிறிஸ்துவ சமயத்தின் பெரியதொரு கேள்வியைத் தாங்கி நிற்கிறது. நான் கிறிஸ்துவன் அல்லன். ஜொகூரில் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு, இப்போது பொங்கோலில் வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவன். மொழி ஆர்வம்தான் என்னை இந்தக் கேள்விக்கு அழைத்து வந்தது.

இறையாட்சி எப்போது வரும் என்று பரிசேயர் இயேசுவிடம் கேட்டதாக லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் தந்த விடையில் ‘எந்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வருகிறது. அதற்கும் ‘உள்ளே’, ‘நடுவே’ என இரு பொருள் கொள்கின்றனர். பழைய தமிழ் வேதாகமம் ‘உங்களுக்குள்’ என்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நடுவே’ என்ற பொருளைத் தேர்ந்தது. கேள்வி கேட்ட பரிசேயரோ இயேசுவோடு முரண்பட்டவர்கள். ‘உள்ளே’ என்று கொண்டால், எதிர்த்து நிற்பவரின் உள்ளத்திலும் இறைவனுக்கு இடம் உண்டு என்றாகிறது.

கிறிஸ்துவ மறைஞானிகள் இந்த ‘உள்ளே’ என்பதையே பற்றிக்கொண்டார்கள். ஜெர்மானியத் துறவி எக்கார்ட், ஆன்மாவின் ஆழத்தில் ஒரு பொறி உண்டு என்றார். படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடுமோ என்று திருச்சபை அஞ்சியது. 1329-இல் அவருடைய கூற்றுகள் பல கண்டிக்கப்பட்டன. ஸ்பெயினின் புனித தெரேசா 1577-இல் எழுதிய நூலில் ஆன்மாவை ஒரு கோட்டையாகக் கண்டார். அதன் நடு அறையில் அரசர் வீற்றிருக்கிறார். இறைவன் மனிதனுள் உறைகிறார், ஆனால் மனிதனே இறைவன் அல்லன் என்பதே திருச்சபை வகுத்த எல்லை.

அந்த எல்லையில் நின்று தவித்தவர் ஒருவர் நம் காவிரிக்கரையில் வாழ்ந்தார். பிரான்சில் பிறந்த ஹென்றி லெ சோ 1948-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டார். 1950-இல் ஜூல் மொன்ஷானென் அடிகளாருடன் குளித்தலைக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினார். அபிஷிக்தானந்தா என்ற பெயர் பூண்டு, அருணாசல மலைக் குகைகளில் மௌனமாக அமர்ந்தார். தாம் அங்கே உணர்ந்த ஒருமையைத் தம் திருச்சபையின் போதனையோடு எப்படி இணைப்பது என்ற போராட்டம் அவருடைய நாட்குறிப்புகளில் நெடுக உள்ளது. 1973-இல் அவர் காலமானார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வந்தது. பொங்கோல் எல்ஆர்டி நிலையத்தில் வேலை உடையோடு நின்ற ஒருவர், என் மாமா வயதிருக்கும், “தம்பி, இது கிழக்குப் பக்கம் போற வண்டியா?” என்று தமிழில் கேட்டார். எனக்கு விடை தெரியும். ஆனால் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் என்னையும் அவரையும் ஒன்றாகப் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம். “சரிங்க தம்பி” என்று சொல்லி அவர் நகர்ந்தார்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். எல்லாருக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்று அங்கே கட்டுரையும் எழுதியிருக்கிறேன். அதை என் அறையில் தனியாக இருக்கும்போது நம்புவது எளிது. நடைமேடையில் நம்புவதுதான் கடினம். அடுத்தவரின் உள்ளே இருப்பதை மதிக்காதவனுக்குத் தன் உள்ளே இருப்பது மட்டும் எப்படி விளங்கும்? ‘உள்ளே’, ‘நடுவே’ என்னும் இரு பொருளையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருப்பது, எனக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

அவரை நான் மீண்டும் பார்க்கவில்லை. ஆனால் வழி கேட்பவர்கள் அந்த நிலையத்தில் இன்னும் நிற்கிறார்கள். இப்போது தமிழில் பதில் சொல்கிறேன். வாசகர்களே, உங்கள் நிலையத்திலும் யாரேனும் நிற்கக்கூடும்.