நவம்பர் 11: ஒரு தேதித்தாள் சொல்லும் வியாபாரப் பாடம்



நம் எல்லோருடைய கடையிலும் கல்லாவுக்கு மேலே ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாம்பிராணி காட்டி, நேற்றைய தாளைக் கிழிக்கிறோம். நல்ல நேரம், ராகு காலம் பார்க்கிறோம். இன்று முகூர்த்தமா, அமாவாசையா, கிருத்திகையா என்று பார்த்து, அதற்குத் தக்கபடி சரக்கை முன்னால் எடுத்து வைக்கிறோம். மளிகைக்காரருக்குப் பஞ்சாங்கமும் ஒரு கணக்குப் புத்தகம்தான்.

இப்போது நம் பிள்ளைகள் செல்போனில் வேறொரு காலண்டர் பார்க்கிறார்கள். இன்று சாக்லேட் தினம், நாளை முட்டை தினம், மறுநாள் காபி தினம் என்று வருஷத்தின் எல்லா நாளுக்கும் ஒரு தின்பண்டத்தின் பெயர் இருக்கிறது. "இதற்கெல்லாம் கடையில் போர்டு வைத்தால் என்ன? சரக்கு கூடுதலாக வாங்கிப் போட்டால் என்ன?" என்று எங்கள் மண்டிக்கு வரும் இளம் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்குச் சும்மா ஆம், இல்லை என்று பதில் சொல்வதைவிட, ஒரே ஒரு தேதியை எடுத்து அலசிப் பார்ப்போம். அந்தத் தேதி நவம்பர் 11. அதைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

பருவம் கொடுத்த நாள்

ஐரோப்பாவில் நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். பிரான்ஸ் நாட்டில் தூர் என்ற ஊரின் ஆயராக இருந்த மார்ட்டின், 397ஆம் ஆண்டு இதே தேதியில் அடக்கம் செய்யப்பட்டார். ஆயர் பதவி வேண்டாம் என்று அவர் வாத்துக் கொட்டிலில் ஒளிந்துகொண்டதாகவும், வாத்துகள் கத்திக் காட்டிக் கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. அதனால் ஜெர்மனி முதலிய நாடுகளில் அன்று பெருவாத்துக் கறி சமைப்பார்கள்.

கதை ஒரு பக்கம் இருக்கட்டும். வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் காரணம் விளங்கும். அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் காலம் அது. கொழுத்த கால்நடைகளையும் பறவைகளையும் குளிர்காலம் முழுவதும் தீனி போட்டு வளர்க்க முடியாது. அந்த ஆண்டின் புது ஒயினும் ருசி பார்க்கத் தயாராக இருக்கும். குத்தகை, கூலி எல்லாம் கணக்குத் தீர்க்கிற நாளாகவும் பல இடங்களில் அது இருந்தது. ஆக, சரக்கும் இருக்கிறது, வாங்குகிறவன் கையில் காசும் இருக்கிறது. நம் தைப் பொங்கல் மாதிரிதான். அந்த நாளுக்கு யாரும் விளம்பரம் செய்யத் தேவை இருக்கவில்லை.

போலந்து நாட்டின் போஸ்னான் நகரில் அதே நாளில் பிறை வடிவ ரொட்டி விற்பார்கள். உள்ளே வைக்கும் பூரணம் வெள்ளைக் கசகசாவில் செய்வது. நாம் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான்! 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ரொட்டியின் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. சான்று பெற்ற ரொட்டிக்காரர்தான் அந்தப் பெயரில் விற்கலாம். நாள் ஒன்று நிலைத்துவிட்டால், சரக்கின் தரத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

கம்பெனி கொடுத்த நாள்

ஜப்பானில் 1966 முதல் விற்கும் ஒரு தின்பண்டம் பாக்கி. மெல்லிய குச்சி பிஸ்கட்டின் மேல் சாக்லேட் தோய்த்தது. குச்சியைப் பார்த்தால் 1 என்ற எண்ணைப் போல இருக்கும். 1999ஆம் ஆண்டு ஜப்பானியர் கணக்கில் ஹெய்செய் 11ஆம் ஆண்டு. அந்த ஆண்டு 11ஆம் மாதம் 11ஆம் தேதி என்றால் ஆறு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துக் கம்பெனி அன்றைக்குப் பாக்கி தினம் என்று அறிவித்தது. அதே தேதியை முளைப்பயறு தினமாகவும் அந்த நாட்டில் கொண்டாடுகிறார்கள். நான்கு முளைகள் நிற்பது போல 1111 தெரிகிறதாம்.

பக்கத்து நாடான தென் கொரியாவில் 1983 முதல் பெப்பெரோ என்ற பெயரில் இதே போன்ற குச்சி பிஸ்கட் விற்கிறது. 1990களின் நடுவில் அந்நாட்டின் தென்பகுதிப் பள்ளி மாணவிகள், "இந்தக் குச்சி போல உயரமாக, ஒல்லியாக ஆகு" என்று ஒருவருக்கொருவர் வாழ்த்தி, நவம்பர் 11இல் அதைக் கொடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். வாடிக்கையாளர் தானாகத் தொடங்கியதைக் கம்பெனி கவனித்துப் பெரிய வியாபாரமாக வளர்த்துக்கொண்டது. கவனிக்க வேண்டியது இதுதான். பெப்பெரோ நாளைக் கம்பெனி உண்டாக்கவில்லை, கண்டுபிடித்தது. எந்தப் பொருளை யார், எப்போது, எதற்காகக் கேட்கிறார்கள் என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு முதலில் தெரியும். கம்பெனிக்குப் பிறகுதான் தெரியும்.

அரசாங்கம் கொடுத்த நாள்

அதே கொரியாவில் நவம்பர் 11 உழவர் தினம். 1996இல் அரசு இதை அறிவித்தது. சீன எழுத்தில் பத்து என்பதன் கீழே ஒன்று என்பதை எழுதினால் மண் என்ற எழுத்து கிடைக்கும். பதினொன்று, பதினொன்று என்றால் மண், மண். விவசாயிக்குப் பொருத்தமான நாள் என்று முடிவு செய்தார்கள்.

பிள்ளைகள் எல்லாம் அன்று குச்சி பிஸ்கட்டுக்குப் போவதைப் பார்த்து, 2006இல் வேளாண்மை அமைச்சகம் அந்த நாளையே கரேத்தொக் நாள் என்றும் அறிவித்தது. கரேத்தொக் என்பது அரிசி மாவை ஆவியில் வேகவைத்து நீளமாகப் பிழிந்த வெள்ளைக் கொழுக்கட்டை. அதுவும் 1 போலத்தான் இருக்கும். அரிசி சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்ததால் அரசு செய்த முயற்சி அது. நோக்கம் நல்லது. ஆனால் பையன் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போய் நண்பனுக்குக் கொடுக்க, பெட்டியில் அடைத்த பிஸ்கட்தான் வசதி.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி என்று கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். ஆனால் அடுத்த கேள்வி, "இதை எப்படிச் சமைப்பது? எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?" என்பதாக இருந்தது. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் அவர்கள் இரண்டாம் முறையும் வந்தார்கள். அரசு பெயர் கொடுக்கலாம், பழக்கத்தைக் கடைக்காரர்தான் கொடுக்க முடியும்.

மந்த காலத்தை மாற்றிய நாள்

சீனாவில் கல்லூரி மாணவர்கள் நான்கு ஒன்றுகளையும் தனி ஆட்களாகப் பார்த்து, நவம்பர் 11ஐக் கல்யாணமாகாதவர்கள் நாள் என்று வேடிக்கையாகக் கொண்டாடினார்கள். 2009இல் அலிபாபா என்ற இணைய வணிக நிறுவனம் அந்த நாளைத் தள்ளுபடி விற்பனை நாளாக்கியது. முதல் ஆண்டு கலந்துகொண்டவை 27 வணிக நிறுவனங்கள் மட்டுமே. விற்பனை சுமார் 5 கோடி யுவான். 2021இல் அது 54,000 கோடி யுவானைத் தாண்டியது. அடுத்த ஆண்டு முதல் மொத்தத் தொகையை வெளியிடுவதையே அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. எல்லா ஏற்றத்துக்கும் ஒரு முகடு உண்டு.

ஏன் நவம்பர்? அக்டோபர் முதல் வாரத்து தேசிய விடுமுறைக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் விற்பனை மந்தமாக இருக்கும் காலம் அது. கூட்டம் வரும் நாளில் போர்டு வைக்கவில்லை, கூட்டம் இல்லாத நாளில் வைத்தார்கள். தீபாவளி முடிந்து ஈ ஓட்டும் வாரத்தில் நாமும் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சரித்திரம் எழுதிய நாள்

1918 நவம்பர் 11, காலை 11 மணி. முதல் உலகப் போர் ஓய்ந்தது. ஆனால் ஜெர்மனியின் மீது போட்டிருந்த கடல் முற்றுகை 1919 ஜூலை வரை முழுதாக எடுக்கப்படவில்லை. பீரங்கி நின்ற பிறகும் அடுப்பு எரியவில்லை.

அந்தப் போர் நம் ஊரையும் விடவில்லை. போர் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, 1918 செப்டம்பரில், அரிசி விலையும் துணி விலையும் ஏறிச் சென்னை நகரில் கடைகள் சூறையாடப்பட்டன. பதுக்கல், அநியாய விலை என்ற பேச்சு பரவிவிட்டால், நேர்மையாக விற்றவன் கடை, அநியாயமாக விற்றவன் கடை என்று கூட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய இந்தப் பாடத்தை நம் தொழிலில் இருப்பவர் மறக்கக் கூடாது.

எங்கள் கணக்கில் ஒரு நாள்

இப்போது எங்கள் சொந்தக் காரணம். 2016ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 29. பண்டிகைக்குக் கொடுத்த சரக்குக்கு வசூல் வரும் வாரத்தில், நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, நவம்பர் 11.

அன்று காலை எங்கள் மண்டிக்கு ஒரு சிறு கடைக்காரர் வந்தார். பத்தொன்பது வருஷப் பற்று வரவு. ஒரு கெடுவும் தப்பியதில்லை. கையில் இருந்ததெல்லாம் பழைய 500 ரூபாய் நோட்டு. "அண்ணாச்சி, ஒரு மூட்டை உப்பு, பத்து கிலோ துவரம் பருப்பு, ஒரு டின் எண்ணெய் போதும். வரிசையில் நின்று மாற்றியதும் திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்" என்றார். நோட்டை வாங்க மறுத்தது சரிதான், அது சட்டம். ஆனால் மூன்று நாள் கடன் கொடுக்கவும் மறுத்தோம். எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் ரொக்கம் கேட்ட நேரம் அது. பயந்துவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவே வட மாநிலங்களில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று புரளி கிளம்பியது. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. சில இடங்களில் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றதாகச் செய்தி வந்தது. தட்டுப்பாடே இல்லை என்று அரசுகள் அறிவித்த பிறகுதான் அடங்கியது. குஜராத்திலும் நம் தூத்துக்குடியிலும் உப்பு மலை போலக் குவிந்து கிடக்க, பயம் ஒன்றே அந்த விலையை ஏற்றியது. செய்தியைப் பார்த்தபோது எங்கள் நினைவுக்கு வந்தது அந்த ஒரு மூட்டை உப்புதான். எங்களையும் அன்று காலை அதே பயம்தான் பிடித்திருந்தது.

அவர் திரும்ப வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். நன்றாகவே பேசினார். ஏன் வருவதில்லை என்று கேட்டோம். "நமக்குள் பாக்கி ஒன்றும் இல்லையே அண்ணாச்சி, கணக்கு நேர்தானே" என்றார். கணக்கு நேர்தான். ஆள் போய்விட்டார். அதிலிருந்து நவம்பர் 11 தாளைக் கிழிக்கும்போது எங்களுக்குப் போரும் நினைவுக்கு வருவதில்லை, பிஸ்கட்டும் நினைவுக்கு வருவதில்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. எந்தத் தினத்துக்கும் முதலில் காரணம் கேளுங்கள். பருவமா, வீட்டுத் தேவையா, பிள்ளைகள் ஆசையா, வெறும் விளம்பரமா? காரணம் நம் தெருவில் இருந்தால் போர்டு வையுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் நாலு படி அரிசி வைக்கலாம்.

2. இங்கிலீஷ் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஆகவே 11ஆம் தேதி உச்ச வியாபாரம். 2022இல் தீபாவளி அக்டோபர் 24, ஆகவே அதே 11ஆம் தேதி மந்தம். போன வருஷத்து பில்லை மட்டும் பார்த்துச் சரக்கு போட்டால் ஏமாறுவோம். அது ஐப்பசி மழைக் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். வெல்லம் கசியும், உப்பு நீர்விடும்.

3. கம்பெனி ஏஜென்ட் தினத்தைச் சொல்லிக் கூடுதல் பெட்டி இறக்கினால், விற்காததைத் திரும்ப எடுப்பாரா என்று கேட்டு, அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

4. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். தேதி, அன்றைய விற்பனை, மழையா வெயிலா, என்ன பண்டிகை, எது கேட்டு இல்லை என்று சொன்னோம் என நாளைக்கு ஒரு வரி போதும். மூன்று வருஷம் எழுதினால், உங்கள் தெருவுக்கான காலண்டர் உங்கள் கையிலேயே இருக்கும்.

5. நெருக்கடி நாளில் விலையை ஏற்றாதீர்கள். பழகிய மனிதரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எல்லோருக்கும் கடன் கொடுங்கள் என்று சொல்லவில்லை. யார் கெடு தவறாதவர் என்று பேரேட்டைப் பார்த்தால் தெரியும். அன்று எங்கள் பேரேடு மேஜை மேல்தான் இருந்தது. நாங்கள் திறந்து பார்க்கவில்லை.

வருகிற தை மாதத்துக்குள் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்போம். அதில் நம் கடையின் பெயரும் முகவரியும் அச்சாகி இருக்கும். அவர்கள் அதை ஒரு வருஷம் தினமும் பார்ப்பார்கள். நம் கடையில் தங்களுக்கு நடந்த நல்லதையும் கெட்டதையும் எந்தத் தாளிலும் எழுதாமலேயே நினைவில் வைத்திருப்பார்கள். அந்த நினைவில் நமக்கு நல்ல நாட்கள் அதிகமாக இருக்கும்படி நடந்துகொள்வோம்.