மலரை விஞ்சும் இலை

பூங்காவிற்குள் புகுவோர் முதற்கண் நாடுவது மலரையே. மல்லிகையின் மணமும் ரோசாவின் நிறமும் காண்போரைத் தம்பால் ஈர்க்கின்றன. இலையோ, ஒருவரும் பொருட்படுத்தாத ஏவலாள் போல, மலருக்குப் பின்னே ஒதுங்கி நிற்கின்றது. ஆயினும், இலையே மலரினும் மேலான எழில் பெற்று விளங்கும் செடிகளும் உலகில் உண்டு. மலரை எதிர்பாராமல், இலையின் வண்ணத்திற்காகவே மக்கள் அவற்றைப் பேணி வளர்க்கின்றனர். அத்தகைய இலையழகுச் செடிகளுள் சிறந்த ஒன்று கோலியஸ் ஆகும்.

கோலியஸ் பெரும்பாலும் ஓரடி முதல் மூன்றடி வரை உயர்ந்து வளரும் மென்மையான செடி. அதன் தண்டைக் கையால் தடவிப் பார்த்தால், அஃது உருண்டையாக இராமல் நான்கு பட்டைகளை உடையதாய் இருத்தல் புலனாகும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். ஒரு கணுவின் இலைகள் கிழக்கும் மேற்கும் நோக்கினால், அதற்கு மேலுள்ள கணுவின் இலைகள் வடக்கும் தெற்கும் நோக்கும். இவ்வாறு மாறி மாறி அமைவதால், மேல் இலையின் நிழல் கீழ் இலையை முற்றும் மறைப்பதில்லை. இலையின் ஓரம் வாளின் பற்களைப் போல வெட்டுண்டிருக்கும். சில வகைகளில் நடுவே கருஞ்சிவப்பும், அதனைச் சூழ இளஞ்சிவப்பும், பட்டுச்சேலைக்குக் கரை அமைந்தாற்போல் ஓரத்திற் பசுமையும் விளங்கும். வேறு சிலவற்றில் மஞ்சள் நிறத்தின்மேல் செம்புள்ளிகள் தெளித்தாற்போல் தோன்றும். இவ்வளவு வண்ணம் இலைக்கு வாய்த்திருக்க, மலர் மட்டும் மிகச் சிறியது. நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில், கிளை நுனியில் எழும் கதிரில் அது பூக்கும்.

நாற்பட்டைத் தண்டும் எதிரிலை அமைப்பும் கதிராய்ப் பூக்கும் இயல்பும் ஒரு குடும்பத்தின் அடையாளங்கள். வீட்டு முற்றத்தில் மாடத்தில் வளரும் துளசியும், சளிக்கு மருந்தாகும் கற்பூரவள்ளியும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நெல்லை, குமரி மாவட்டங்களில் பொங்கற் காலத்தில் விரும்பிச் சமைக்கப்பெறும் சிறுகிழங்கு, கோலியஸின் நெருங்கிய உறவினதாகும். சேலம் பகுதியில் வேருக்காகப் பயிரிடப்பெறும் மருந்துக் கூர்க்கனும் அவ்வாறே. அம்மருந்துச் செடியின் வேரிலிருந்து 1970-ஆம் ஆண்டுகளில் இந்திய ஆய்வுக்கூடங்களில் பிரித்தெடுக்கப்பட்ட போர்ஸ்கோலின் என்னும் பொருள், உயிரணுக்களின் செயலை ஆராயும் அறிஞர்களுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஒரே குடும்பத்தில் ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் உழவராகவும், ஒருவர் ஓவியராகவும் இருத்தல் போன்றது இது. ஆனால், உறவினது என்பதற்காக வண்ணக் கோலியஸின் இலையைக் கற்பூரவள்ளி போல் எண்ணி உண்ணலாகாது. அது கண்ணுக்கு விருந்து, வாய்க்கு அன்று.

இச்செடியின் தாயகம் ஆசியாவின் வெப்பமான தென்கிழக்குப் பகுதியும் அதனை அடுத்துள்ள தீவுகளும் ஆகும். வடக்கு ஆஸ்திரேலியா வரை இது இயற்கையாக வளர்கின்றது. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ், 1763-ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டபொழுது, துளசியின் இனத்திலேயே இதனைச் சேர்த்தார். போர்ச்சுகல் நாட்டுத் துறவி லூரைரோ, 1790-ஆம் ஆண்டில் ‘கோலியஸ்’ என்னும் இனப்பெயரை ஆக்கினார். கிரேக்க மொழியில் அதன் மூலச்சொல் ‘உறை’ என்று பொருள்படும். இவ்வினத்து மலர்களில் மகரந்தக் காம்புகள் அடியில் ஒன்றுசேர்ந்து, வாளின் உறைபோல் சூல்தண்டைச் சூழ்ந்திருத்தலே அப்பெயருக்குக் காரணம். சாவகத் தீவில் புகழ்பெற்ற போகோர் தாவரப் பூங்காவின் தலைவராக 1823 முதல் 1826 வரை விளங்கியவர் புளூம் என்பவர். அவரைச் சிறப்பிக்கும் வகையில், ஆங்கில அறிஞர் பெந்தாம் 1832-ஆம் ஆண்டில் இச்செடிக்குப் ‘புளூமின் கோலியஸ்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பின்வந்த அறிஞர்கள் இதனை வெவ்வேறு இனங்களில் மாற்றி மாற்றி வைத்தனர். இறுதியில், 2019-ஆம் ஆண்டில் வெளியான விரிவான ஆராய்ச்சி இதனை மீண்டும் கோலியஸ் இனத்திலேயே சேர்த்தது. பெயர்கள் பல மாறியும், தோட்டக்காரர் நாவில் வழங்கிய பெயர் இறுதியில் நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற கோலியஸ், அங்குள்ளோர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. மேகம் மூடிய வானையே மிகுதியாகக் காணும் இங்கிலாந்து மக்களுக்கு, இதன் ஒளிமிக்க இலைகள் பெருவியப்பை அளித்தன. இலண்டனுக்கு அருகில் சிசுவிக்கு என்னும் இடத்திலிருந்த அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில், வெவ்வேறு கோலியஸ் வகைகளைக் கலந்து புதிய வகைகள் உண்டாக்கப்பட்டன. 1868-ஆம் ஆண்டில் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. தரையில் வண்ணக் கம்பளம் விரித்தாற்போல் செடிகளை நெருக்கி நட்டுக் கோலம் அமைக்கும் வழக்கம் அக்காலத்தில் ஓங்கியிருந்தது. அதற்குக் கோலியஸ் மிகவும் ஏற்றதாயிற்று. ஆனால், வெப்ப நாட்டுச் செடியாகிய இதனால் அங்குள்ள உறைபனியைத் தாங்க இயலாது. ஒரே இரவின் உறைபனி, கோடை முழுவதும் வளர்ந்த செடிகளைக் கரிய குப்பையாக்கிவிடும். ஆதலால், இலையுதிர் காலம் வருமுன்னரே தோட்டக்காரர்கள் ஒவ்வொரு வகையிலும் சில கொழுந்துகளைக் கிள்ளித் தொட்டிகளில் ஊன்றி, வெப்பமூட்டப்பட்ட கண்ணாடி மனைகளில் காப்பாற்றினர். வெளியே இறந்த செடி, உள்ளே ஒரு சிறு கொழுந்தில் உயிர் வாழ்ந்தது.

இவ்வளவு வண்ணம் இலைக்கு எங்கிருந்து வந்தது? இலைக்குப் பசுமை தருவது பச்சையம். கதிரவன் ஒளியின் ஆற்றலைக் கொண்டு, நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உணவாக மாற்றும் அரும்பணிக்கு இன்றியமையாதது அதுவே. மஞ்சள் நிறத்தைத் தருவன கரோட்டினாய்டு என்னும் நிறமிகள். சிவப்பும் ஊதாவும் தருவன ஆந்தோசயனின் என்னும் நிறமிகள். இவை கூடியும் குறைந்தும் இலையின் வெவ்வேறு பகுதிகளில் அமைவதால் எண்ணற்ற வண்ணங்கள் பிறக்கின்றன. ஆந்தோசயனின் நீரிற் கரையும். பச்சையம் நீரிற் கரையாது. இவ்வொரு வேறுபாட்டைக் கொண்டு, இலையின் மறைபொருளைப் பள்ளிக்கூடத்திலேயே வெளிப்படுத்தலாம்.

பச்சையும் சிவப்பும் வெண்மையும் கலந்த இலைகளையுடைய கோலியஸ் தொட்டி ஒன்றை இரண்டு நாள் இருட்டறையில் வைத்தல் வேண்டும். அப்பொழுது இலையில் முன்பு சேர்ந்திருந்த மாப்பொருள் செலவாகிவிடும். பின்னர், அதனைச் சில மணி நேரம் நல்ல ஒளியில் வைத்து, ஓர் இலையைப் பறித்து, அதன் வண்ணப் பகுதிகளைத் தாளில் வரைந்துகொள்ளுதல் வேண்டும். அவ்விலையைக் கொதிநீரில் இட்டால், சிவப்பு நிறம் நீரில் இறங்கிவிடும். அப்பொழுது ஒரு வியப்பைக் காணலாம். சிவந்திருந்த இடம் பல இலைகளில் பச்சையாக மாறித் தோன்றும். சிவப்புப் போர்வைக்கு அடியில் பச்சையம் அதுகாறும் மறைந்திருந்தது என்பது அதனால் விளங்கும். அடுத்து, இலையை ஆல்ககாலில் இட்டுச் சூடாக்கினால் பச்சையமும் நீங்கும். ஆல்ககால் எளிதில் தீப்பற்றுமாதலால், நெருப்பின்மேல் நேரே வைக்காமல், வெந்நீர்க் கலத்தினுள் வைத்து, ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்தல் வேண்டும். வெளுத்துப்போன இலையை நீரில் அலசி, அதன்மேல் அயோடின் கரைசலைச் சொட்டினால், முன்பு பச்சையம் இருந்த இடமெல்லாம் கருநீலமாக மாறும். வெண்மையாய் இருந்த இடம் மாறாது. அயோடின் மாப்பொருளோடு சேர்ந்தால் கருநீலம் காட்டும். இலையில் ஒளியினால் மாப்பொருள் உண்டாவதைச் செர்மானிய அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் 1860-ஆம் ஆண்டுகளில் இம்முறையாலேயே மெய்ப்பித்தார்.

இச்சோதனை உணர்த்தும் உண்மை பெரிது. இலையின் வெண்பகுதி தன் உணவைத் தானே ஆக்குவதில்லை. பசும்பகுதி உழைத்து ஈட்டும் உணவையே பெற்று வாழ்கின்றது. பச்சையம் சிறிதும் இல்லாத நாற்று, விதையில் இருந்த உணவு தீர்ந்தவுடன் மடிந்துவிடும். ஆதலால், வண்ணத்தை எவ்வளவு விரும்பினும், பசுமையை அறவே ஒழித்த செடியை வளர்த்தல் எவர்க்கும் இயலாது. சில வேளைகளில் வண்ணச் செடியிலிருந்து முழுப் பச்சையான கிளை ஒன்று திடீரெனத் தோன்றும். அக்கிளை மற்றவற்றினும் விரைந்து வளரும். அதனை அகற்றாவிடின், சில மாதங்களில் செடி முழுவதும் பசுமையாகிவிடக்கூடும். உழைக்கும் கிளை, அலங்காரக் கிளைகளை வென்றுவிடும் என்பதே அதன் காரணம்.

கோலியஸை வளர்த்தல் எளிது; எனினும் கருத்து வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் இடுதல் நன்று. துளையின்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், நீர் வடியும், மண் ஒழுகாது. காலை இளவெயில் படும் இடம் இதற்கு உகந்தது. நண்பகல் வெயில் சுட்டால் வண்ணம் வெளிறி இலை கருகும். முழு இருளிலோ, தண்டு ஒளியைத் தேடி நெட்டையாய் நீண்டு, இலையின் நிறம் மங்கும். வெயிலைத் தாங்கும் புதிய வகைகளும் இக்காலத்தில் உண்டு. மண்ணின் மேற்பரப்பு உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுதல் வேண்டும். நீர் குறைந்தால் இலைகள் துவண்டு தம் குறையைத் தாமே கூறும். நீர் ஊற்றிய சிறிது நேரத்தில் மீண்டும் நிமிரும். நீர் மிகுந்து தேங்கினாலோ வேர் அழுகிவிடும், அதற்கு மருந்தில்லை. அன்பின் மிகுதியால் நாள்தோறும் நீரைக் கொட்டி, செடியைக் கொன்றவர் பலர்.

செடி அரையடி உயர்ந்ததும் அதன் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுதல் வேண்டும். புதிதாக வளர்ப்போர்க்கு இதனைச் செய்ய மனம் வருவதில்லை. ஆனால், நுனி கிள்ளப்பட்டவுடன், அதற்குக் கீழுள்ள கணுக்களில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்து எழும். ஒரு தண்டு இரண்டாகும்; இரண்டு நான்காகும். செடி புதர்போல் அடர்ந்து பொலியும். பூங்கதிர் தோன்றும்பொழுதும் அதனை அவ்வப்போது கிள்ளிவிடுவர். பூத்து விதை முற்றவிட்டால், செடியின் ஆற்றல் அதற்கே செலவாகி, இலைகள் சிறுத்துப் பொலிவு இழக்கும். செடியின் நாட்டம் விதையில். வளர்ப்போர் நாட்டம் இலையில். இவ்விரண்டையும் இசைவிப்பதே தோட்டக்கலை.

கிள்ளிய கொழுந்தையும் வீணாக்க வேண்டுவதில்லை. நான்கு அங்குல நீளமுள்ள நுனித் துண்டைக் கணுவிற்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, ஒரு குவளை நீரிலோ ஈரமணலிலோ வைத்தால், பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் வெண்ணிற வேர்கள் புறப்படும். கண்ணாடிக் குவளையாயின், வேர் வளரும் அழகை நாள்தோறும் காணலாம். விதையிலிருந்தும் கோலியஸை வளர்க்கலாம். அவ்விதை மிக நுண்ணியது. ஒளி பட்டால் நன்கு முளைக்கும். ஆதலின், அதனை மண்ணின்மேல் தூவி மெல்ல அழுத்தினால் போதும், மூடுதல் கூடாது. ஆனால், விதையில் பிறக்கும் நாற்றுகள் தாய்ச்செடியின் வண்ணத்தை அப்படியே கொண்டிருப்பதில்லை. ஒரே செடியின் விதைகள் பலவகை வண்ணம் காட்டும். விரும்பிய வண்ணத்தைக் காக்க வேண்டுமாயின் துண்டே வழி. புதிய வண்ணத்தைக் காண வேண்டுமாயின் விதையே வழி.

இலையின் காம்படியிலும் கணுவிலும் பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் மாவுப்பூச்சி இதன் முதற்பகை. தொடக்கத்திலேயே கண்டு, ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தால் அது பெருகாது. நாள்தோறும் இலையைத் திருப்பிப் பார்ப்பவர்க்கு அஞ்ச வேண்டிய நோய் சிலவே.

கோலியஸை வளர்க்கப் பரந்த நிலம் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. அண்டை வீட்டார் அன்போடு தரும் ஒரு கொழுந்தும், உடைந்த பானையும், கையளவு எருவும் போதும். வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் அது மனநிறைவோடு வளரும். மலர் சில நாள்களில் வாடும்; இதன் இலையோ மாதக்கணக்கில் வண்ணம் காட்டும். அவ்வழகில் ஈடுபடுவோர், அவ்வழகைத் தாங்கி நிற்கும் பசுமையையும் மறத்தலாகாது. சிவப்பு இலையின் அடியில் பச்சையம் ஓசையின்றி உழைக்கின்றது. கண்ணைக் கவரும் எப்பொருளுக்கும் அடியில் அத்தகைய உழைப்பு ஒன்று உண்டு என்பதை அச்சிறு செடி நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டே நிற்கின்றது.