வாகன எஞ்சின் கொதித்தால்: காரணத்தை வீட்டிலேயே கண்டறிவோம்

ஊர் திரும்பிய பின், நீண்ட காலம் ஓடாமல் நின்ற காரையோ வானையோ மீண்டும் ஓட்டத் தொடங்குகிறீர்களா? அப்படியான வாகனங்களில் அடிக்கடி வரும் பிரச்சினை எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுவது. சந்தைக்கு மரக்கறி ஏற்றவும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் உங்கள் வீட்டில் அந்த ஒரு வாகனமே இருக்கலாம். வெடித்த ஹோஸ், தளர்ந்த பெல்ற், மண் அடைத்த றேடியேற்றர் போன்ற சிறிய காரணங்களைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் செலவு குறைவு. கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினின் ஹெட் வளைந்து, முழு எஞ்சினையும் கழற்ற வேண்டி வரும்.

முதலில் பாதுகாப்பு

• போர்க்காலத்தில் கைவிடப்பட்ட வாகனத்தை நீங்களாகத் திறக்க வேண்டாம். அதனுள்ளோ சுற்றியோ வெடிபொருள் இருக்கலாம். தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அல்லது பொலிசாருக்கு அறிவியுங்கள்.

• சூடான எஞ்சினின் றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்திலும் கையிலும் பாயும். குறைந்தது ஒரு மணித்தியாலம் ஆற விடுங்கள்.

• சோதனை செய்யும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது சேலை, சாரம், நீண்ட தலைமுடி என்பன விசிறியின் அருகே செல்லக் கூடாது.

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது?

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு, மேல் ஹோஸ் வழியாக றேடியேற்றருக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. தண்ணீரைத் தள்ளுவது வோட்டர் பம்ப். காற்றை இழுப்பது விசிறி. எஞ்சின் போதிய சூட்டை அடையும்வரை வழியை மூடி வைத்திருந்து, பின்பு திறந்துவிடுவது தேமோஸ்ரற் என்னும் சிறிய கதவு. இவற்றில் ஒன்று தவறினாலும் எஞ்சின் கொதிக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆறிய எஞ்சினில் செய்யும் சோதனைகள்

1. தண்ணீர் மட்டம். மூடியைத் திறந்து பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, அடுத்த நாள் காலை மீண்டும் பாருங்கள். மறுபடியும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. மூடியின் றப்பர் வளையமும் வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். மூடி இறுக்கமாகப் பிடிக்காவிட்டாலும் தண்ணீர் வெளியேறும்.

2. ஒழுக்கு. இரவில் எஞ்சினுக்குக் கீழே காய்ந்த காட்போட் மட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு விட்டதையும், பிசுபிசுவென்று மெலிந்ததையும் மாற்ற வேண்டும். வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து சொட்டினால் பம்ப் பழுது.

3. றேடியேற்றரின் முகம். நின்ற வாகனத்தில் மண், காய்ந்த புல், பூச்சி, எலிக்கூடு என்பன அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

4. பெல்ற். எஞ்சினை நிறுத்தி, பெல்ற்றின் நடுவே பெருவிரலால் அமுக்குங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கினால் சரி. அதற்கு மேல் தொய்ந்தால் பம்ப் சரியாகச் சுற்றாது.

5. ஒயில். அளக்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கஸ்கட் பழுதாகியிருக்கலாம். வாகனத்தை ஓட்டாமல், கட்டியிழுத்து கராஜுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒழுக்கு எதுவும் இல்லாமல் தண்ணீர் குறைவதும், சூடேறிய பின்னும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் இதே பழுதின் அறிகுறிகள்.

எப்போது சூடாகிறது?

இதைக் கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

• நிற்கும்போது சூடேறி, ஓடும்போது குறைந்தால்: விசிறியைச் சந்தேகியுங்கள்.

• பாரம் ஏற்றி நீண்ட தூரம் ஓடும்போது மட்டும் சூடேறினால்: றேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கலாம்.

• புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே முள் ஏறினால்: தண்ணீர் குறைவு, அல்லது தேமோஸ்ரற் திறக்கவில்லை.

தேமோஸ்ரற்றை மெக்கானிக் கழற்றித் தந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் தண்ணீருடன் இட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்னரே அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலங்களின் கிணற்று நீர் றேடியேற்றருக்குள்ளும் அப்படித்தான் படிந்து குழாய்களை அடைக்கும். உவர் நீர் உலோகத்தை அரிக்கும். கூலன்ற் வாங்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாதபோது வடித்த மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலாம். கூலன்ற் நஞ்சு, ஆனால் இனிக்கும். அதைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம்.

வீதியில் கொதித்தால்

ஏசி இருந்தால் நிறுத்துங்கள். பாதுகாப்பான இடத்தில் வீதியோரமாக நிறுத்தி, எஞ்சினை ஓஃப் செய்து, ஆவி அடங்கிய பின்பே பொனற்றைத் திறவுங்கள். எரியும் சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சின் வெடிப்பு விடும். ஆறும்வரை காத்திருங்கள்.

தண்ணீர் தேடிப் பற்றைக்குள்ளோ பாழடைந்த வளவுக்குள்ளோ இறங்க வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக அந்த இடத்தில் மிதிவெடி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. புறப்படும்போதே 5 லீற்றர் கான் ஒன்றில் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள். இல்லாவிட்டால் வீதியில் வருபவரிடம் கேளுங்கள்.

யாருக்காவது ஆவி பட்டால் காயத்தின் மேல் 20 நிமிடம் சாதாரண தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும் முன்

எப்போது சூடாகிறது, எவ்வளவு தண்ணீர் குறைகிறது, எங்கே ஈரம் கண்டீர்கள், ஒயிலின் நிறம் என்ன என்ற நான்கையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அவர் தேடும் நேரம் குறையும். தேவையில்லாத பாகங்களை மாற்றி உங்கள் பணம் வீணாவதும் தவிர்க்கப்படும்.